யாருடைய நாலு புள்ளி ஏழு?

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. லூசில் அதைக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். ஒட்டிய கையோடு சமையலறையில் ஒரு சுற்று ஆடவும் செய்தாள். இன்சூரன்ஸ்காரர்களோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டியவளுக்கு அந்த உரிமை உண்டு. மகள் மரியெலுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாம், செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று ஒருவழியாக எழுதிவிட்டார்கள்.

மரியெலுக்குப் பன்னிரண்டு வயது. உயரம் நாலடிக்கு ஓர் அங்குலம் குறைவு. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உண்டாகாமல் பிறந்த பிள்ளை. நாலு வாரத்துக்கு ஒருமுறை யாரோ கொடுத்த ரத்தம் ஏறினால்தான் உதட்டில் நிறம் வரும். அந்த ரத்தத்தோடு வருகிற இரும்பு வெளியே போக வழி தெரியாமல் உடம்பின் சந்துபொந்துகளில் போய் உட்காரும். மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பியிலும் உட்கார்ந்ததில் வளர்ச்சி நின்றுபோயிருந்தது. காரில் ஏறினால் இன்னமும் குழந்தைகளுக்கான குட்டி இருக்கை போட்டுத்தான் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் கழுத்தை அறுக்கும். பள்ளி வாசலில் அதிலிருந்து இறங்குவதை யாராவது பார்த்துவிட்டால் அன்று முழுக்க யாரோடும் பேசமாட்டாள்.

"அந்தச் சனியன் பிடிச்ச சீட்டைத் தூக்கிக் கொட்டகையில போடும்மா."

"ஊசி போட்ட மறுநாளே வளந்துடுவியா? இருடி."

லூசிலின் கணவன் ஆர்மான் கடிதத்தின் இரண்டாவது பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான். அவன் எப்போதும் இரண்டாவது பக்கக்காரன். அந்த ஊசி சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால் முதலில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டிருந்தது. அதற்கான கட்டத்தில் எழுதியிருந்தது: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, நாலு புள்ளி ஏழு.

அவன் அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தான். மூன்று மாதச் சர்க்கரை என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனுக்கே ஐந்து வருடமாகச் சர்க்கரை. மேப்பிள் மரச் சாற்றில் பாகு காய்ச்சுகிறவனுக்கே சர்க்கரை என்று வெர்மான்ட் மாநிலத்தின் அந்த மூலையில் சிரிக்காத ஆள் இல்லை. அவனுடைய எண் ஏழு புள்ளி ஆறு. இனிப்பைக் கண்ணால்கூடப் பார்க்காத லூசிலுக்கு ஐந்து புள்ளி நாலு. கரண்டியோடு பாகை நக்குகிற மரியெலுக்கு மட்டும் எப்படி நாலு புள்ளி ஏழு?

"என்ன, பொறாமையா?" என்றாள் லூசில்.

"எப்படின்னு தெரிஞ்சுக்கணும்."

"தெரிஞ்சு என்ன பண்ணப்போற?"

"தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

இதுதான் ஆர்மானின் நிஜமான வியாதி. ஒருமுறை புதிதாக வாங்கின துணி துவைக்கும் இயந்திரம் சத்தமே போடாமல் ஓடுகிறதே, எப்படி என்று கழற்றிப் பார்த்தான். அன்றிலிருந்து அது போடும் சத்தத்தில் பக்கத்துப் பண்ணை மாடுகள் மிரளுகின்றன.

வியாழக்கிழமை ரத்தம் ஏற்றும் நாள். ஊரின் சின்ன ஆஸ்பத்திரியில் ஜன்னலோர நாற்காலி மரியெலுக்கென்றே ஒதுக்கப்பட்ட மாதிரி. நர்ஸ் பெவ் பையைக் கொண்டுவந்து தொங்கவிட்டதும் அப்பாவும் மகளும் தங்கள் விளையாட்டை ஆரம்பித்தார்கள். பையில் கொடுத்தவர் பெயர் இருக்காது. ஓர் எண், ரத்தப் பிரிவு, தேதி, அவ்வளவுதான். ஆளை இவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"பொம்பளை. நாப்பது வயசு. மீன் பிடிக்கப் போவா. புருஷனோட பேச்சுவார்த்தை கிடையாது" என்றாள் மரியெல்.

"ஆம்பளை. தபால்காரன். நாய் துரத்திக்கிட்டே இருக்கு. எவ்வளவு வேகமா இறங்குது பாரு."

"போன மாசமும் தபால்காரன்னுதானே சொன்ன? எல்லாத் தபால்காரனும் எனக்கே ரத்தம் குடுத்தா கடுதாசி யாரு குடுக்கிறது?"

பெவ் சிரித்துக்கொண்டே சொட்டின் வேகத்தைக் குறைத்தாள். அவளும் ஆர்மானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"பெவ், அந்த மூணு மாசச் சர்க்கரையை எதை வச்சு அளக்கிறாங்க?"

"ஆரம்பிச்சுட்டான்" என்றாள் பெவ். ஆனால் அவளுக்கும் சொல்ல ஆசைதான். "ரத்தத்துல ஓடுற சர்க்கரை சிவப்பணு மேல ஒட்டிக்கும். ஒட்டினா விடாது, அந்த அணு சாகுற வரைக்கும். எத்தனை அணு மேல எவ்வளவு ஒட்டியிருக்குன்னு பாத்து இத்தனைன்னு சொல்லுவாங்க. உன்னுதுல நல்லா ஈஷிக்கிட்டு இருக்கும்."

"அணு எத்தனை நாள் இருக்கும்?"

"நாலு மாசம்."

"அப்பா, பெவ்வுக்கு வேற வேலை இல்லையா? டிவியைப் போடு" என்றாள் மரியெல்.

டிவியைப் போட்டார்கள். யாரோ ஒருத்தி கேக் செய்துகொண்டிருந்தாள். ஆர்மான் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். மனதின் ஓரத்தில் ஏதோ ஒன்று நெருடியது. ஆனால் மார்ச் மாதம் அது, மரங்களில் சாறு இறங்கும் காலம், யோசிப்பதற்கு அவனுக்கு நேரமில்லை.

சனிக்கிழமை பிற்பகல் அது பிடிபட்டது. பக்கத்துத் தோப்புக்கார வெண்டல் தன் மரங்களின் சாற்றை ஆர்மான் பாகு காய்ச்சும் கொட்டகைக்குக் கொண்டுவந்து விற்பவன். சாற்றில் இனிப்பு எத்தனை சதவீதமோ அதற்குத் தகுந்த விலை. அதனால் முதலில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிக் குழலில் விட்டு, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து அளந்துவிட்டுத்தான் பெரிய தொட்டியில் கொட்டுவார்கள். அன்று ஆர்மான் அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தான். வெண்டல் பொறுமை இல்லாமல் தானே குழாயைத் திறந்து தொட்டியில் விட்டுவிட்டான். விட்டபிறகு சாவகாசமாகக் குழலை எடுத்து, தொட்டியிலிருந்தே ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான்.

"ரெண்டு புள்ளி ரெண்டு. என் சாறு ஏ ஒன்னு."

"அட மடையா" என்றான் ஆர்மான். "உள்ள பாதிக்கு மேல என் சாறு கிடந்தது. ரெண்டும் கலந்தாச்சு. இப்ப அது காட்டுறது உன்னோட இனிப்பா, என்னோட இனிப்பா? உன் மரத்தைப் பத்தி இந்தத் தொட்டிக்கு என்ன..."

அவன் தொட்டியையே முறைத்துப் பார்த்தான். வெண்டல் தன்மேல் ஏதோ கடுங்கோபம் என்று நினைத்துக்கொண்டு, விலையை நீயே போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு நழுவினான். ஆர்மான் விறகுக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பின் முன் நின்றான். முதலில் அவனுக்கு வந்தது சந்தோஷம். வெட்கப்பட வேண்டிய சந்தோஷம்தான், ஆனாலும் வந்தது. முடிச்சு அவிழ்ந்தால் அவனுக்கு அப்படித்தான் இருக்கும். மரியெலின் உடம்பில் அவள் உண்டாக்கின சிவப்பணு என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை. ஓடுவதெல்லாம் மீன் பிடிக்கிறவளும் தபால்காரனும் கொடுத்தது. அணுக்கள் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு அவர்கள் தின்றது. நாலு புள்ளி ஏழு என்பது முகம் தெரியாத நாலைந்து பேருடைய ஆரோக்கியம்.

சந்தோஷம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. அப்படியானால் மரியெலின் சர்க்கரை எத்தனை?

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பனிமேல் பாகு ஊற்றித் தின்றார்கள். கொதிக்கும் பாகைத் தட்டு நிறையப் பனியில் ஊற்றினால் ஜவ்வு மாதிரி இறுகும். முள்கரண்டியில் சுற்றி எடுத்துத் தின்றுவிட்டு, இனிப்பு திகட்டியதும் வெள்ளரிக்காய் ஊறுகாயைக் கடித்துக்கொண்டு மறுபடியும் தின்பது. மரியெல் மூன்று தட்டு தின்றாள், நாலு தம்ளர் தண்ணீர் குடித்தாள். லூசில் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். இரண்டு மணி நேரம் கழித்து ஆர்மான் தன்னுடைய விரல் குத்திப் பார்க்கும் கருவியை மேசைமேல் வைத்தான்.

"ஒரு விரலைக் குடு. சும்மா பாக்கலாம்."

மரியெல் கருவியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "எதுக்கு? லெட்டர் வந்தாச்சே."

"ஒட்டியிருக்கிற சர்க்கரை வேற, ஓடுற சர்க்கரை வேற. ஒட்டினது அந்தத் தபால்காரனோடது. ஓடுறது உன்னோடது. அதான்..."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். நவம்பர்லயே தெரியும். நான் பெவ்கிட்ட உனக்கு முன்னாடியே கேட்டுட்டேன். அணு நாலு மாசம் இருக்கும், நாலு வாரத்துக்கு ஒருதடவை எனக்கு ரத்தம் ஏத்துறாங்க. கணக்கு தெரிஞ்ச யாருக்கும் புரியும்."

ஆர்மானுக்கு ஐந்து வருடமாகச் சர்க்கரை இருந்தும் தோன்றாதது இந்தச் சுண்டைக்காய்க்கு நவம்பரிலேயே தோன்றியிருக்கிறது.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா ஊசி குடுப்பாங்களா? மூணு அங்குலம் முதல்ல வளந்துக்கறேன், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்." அவள் குரல் உடைந்தது. "நீ ஏம்ப்பா இதைப் போய் நோண்டின? ஒரே ஒரு தடவை, உன் வாழ்க்கையில ஒரே ஒரு தடவை, எதையும் கேக்காம இருக்க முடியாதா உன்னால?"

பிறகு அவளாகவே விரலை நீட்டினாள். அவளுக்கும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அப்பன் பெண்ணேதான். கருவி ஐந்து எண்ணி முடித்து இருநூற்று முப்பத்தெட்டு என்று காட்டியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்மானுக்கே அவ்வளவு ஏறியதில்லை.

லூசில் வந்ததும் அவளிடம் மறைக்கவில்லை. அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்க ஒரு நம்பர் கேட்டாங்க. நாம அந்த நம்பரைக் குடுத்தோம். பொய் சொன்னோமா? ரத்தம் ஏத்திக்கிற பிள்ளைன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஃபார்ம்ல இருந்த கட்டம்தான் அதைக் கேக்கல."

"ரெண்டு வருஷம் ஆர்மான். எத்தனை ஃபோன், எத்தனை ஃபார்ம். ஆறு மாசம் ஊசி போட்டுப் பாப்போம். ஏறினா நிறுத்திக்கலாம்."

"ஏற்கெனவே ஏறியிருக்கு, லூசில். அதுமேல அந்த ஊசியைப் போட்டா எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியல. உனக்குத் தெரியுமா?"

லூசிலுக்கும் தெரியவில்லை. அவள் எழுந்து கடிதத்தைக் கதவிலிருந்து எடுக்கவும் இல்லை, அதைப் பார்க்கவும் இல்லை. முகம் கழுவப் போனவள் வெகுநேரம் குழாயை மூடவில்லை.

முதல் ஊசி புதன்கிழமை. பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரப் பயணம். மரியெல் காலையில் வயிறு சரியில்லை என்று எதுவும் சாப்பிடாமல் வண்டியில் ஏறினாள். முதல் ஒரு மணி நேரம் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

"சொல்லப்போறியா?" என்று ஒருவழியாகக் கேட்டாள்.

"சொல்லித்தான் ஆகணும்டி."

"நீ சொன்னா உன்னைத் திட்டுவேன். சாகுற வரைக்கும் திட்டுவேன்." கொஞ்ச தூரம் போனபிறகு மெல்லச் சொன்னாள்: "நான் சொன்னா யாரைத் திட்டுறது?"

அந்தக் கேள்வியோடுதான் ஆர்மான் மீதி வழி முழுக்க வண்டி ஓட்டினான். பன்னிரண்டு வருடமாக இந்தப் பிள்ளைக்குத் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்ததில்லை. அவனுக்கும் லூசிலுக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, உங்கள் இருவரிடமிருந்தும் வரவில்லை, கருவிலேயே தானாக நேர்ந்த பிழை என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவையும் குற்றம் சொல்ல முடியாது, அம்மாவையும் சொல்ல முடியாது. மஜ்ஜையைத் திட்டினால் அதற்குக் காது கேட்கப்போவதில்லை.

ஹார்மோன் டாக்டர் பெல் இளவயதுக்காரி. ஊசி போடப் பழகுவதற்கு மேசைமேல் ஓர் ஆரஞ்சுப் பழமும் உப்புத் தண்ணீர் நிரப்பிய ஊசியும் தயாராக வைத்திருந்தாள். "வா மரியெல், பெரிய நாள்" என்று சிரித்தாள். மரியெல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

"டாக்டர், அந்த நாலு புள்ளி ஏழு அவளோடது இல்ல" என்று ஆர்மான் முந்திக்கொண்டான்.

மரியெல் சடக்கென்று அவன் பக்கம் திரும்பினாள். அவன் அவளைப் பார்க்காமல், நிறுத்தாமல், தபால்காரனிலிருந்து இருநூற்று முப்பத்தெட்டு வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

டாக்டர் பெல்லுக்குக் கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. "எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றாள். "தெரியவும் தெரியும். இப்படிப்பட்ட பிள்ளைங்களுக்கு அந்த டெஸ்ட்டை நம்பக் கூடாதுன்னு பரீட்சையில எழுதியிருக்கேன். ஃபார்ம்ல அந்த ஒரு கட்டம்தான் இருந்தது. வெறும் வயித்துச் சர்க்கரையும் நல்லா இருந்தது. கட்டத்தை நிரப்பி அனுப்பிட்டேன்." ஆர்மானுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. தெரியும் என்று ஒத்துக்கொண்டாளே, அது பெரிது என்று பட்டது.

"சர்க்கரைத் தண்ணி குடுத்து ரெண்டு மணி நேரம் பாக்கணும். வேற நாள்தான் வரணும், வெறும் வயித்துல இருக்கணுமே. மரியெல், கடைசியா எப்ப சாப்பிட்ட?"

"நேத்து ராத்திரி ஏழு மணிக்கு" என்றாள் மரியெல். தலையைக் குனிந்துகொண்டாள். "இன்னைக்கே பண்ணுங்க."

இப்போது ஆர்மான் திரும்பி அவளைப் பார்த்தான். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே எல்லாம் தீர்மானித்துவிட்டுத்தான் வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாள். சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தைப் படிப்பவன்போல் நின்றான்.

ஆரஞ்சு நிறச் சர்க்கரைத் தண்ணீரை மரியெல் மூக்கைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். நம் பாகில் நாலில் ஒரு பங்கு ருசிகூட இல்லை என்றாள், டாக்டரிடம். அப்பாவிடம் பேசவில்லை. அரைமணிக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். குடிக்கும் முன் தொண்ணூறு. ஒரு மணி நேரத்தில் இருநூற்று நாற்பது. இரண்டு மணி நேரத்திலும் இருநூற்று இருபத்தொன்று.

"வெறும் வயித்துல சமாளிச்சுடுது. சாப்பிட்டதும் இன்சுலின் உடனே வரணும். உனக்கு அது அசைஞ்சு ஆடி லேட்டா வருதுன்னு நினைக்கிறேன். கணையத்துலயும் இரும்பு சேர்ந்திருக்கும், ஸ்கேன் பண்ணிப் பாக்கணும்" என்றாள் டாக்டர். "இரும்பை எடுக்கிற மாத்திரையைக் கூட்டுவோம். சர்க்கரைக்கும் வைத்தியம் ஆரம்பிப்போம். ஊசி இப்ப வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

"அதுக்குள்ள என் எலும்பு மூடிக்கிட்டு வளர்ச்சி நின்னுடாதா?"

"எக்ஸ்ரேல உன் எலும்புக்கு ஒன்பது வயசுதான் ஆகுது. காத்திருக்கும்னு நினைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

மரியெல் தலையாட்டினாள். எழுந்து மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து நடந்து, வாகன நிறுத்துமிடம் வரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வண்டிக் கதவை அறைந்து சாத்தினாள். பிறகுதான் ஆரம்பித்தாள்.

அழுதுகொண்டே திட்டினாள். திட்டுகிற வேகத்தில் அழ மறந்து, ஞாபகம் வந்ததும் மறுபடி அழுதாள். உனக்கு மூக்கு எதுக்கு, எல்லாத்துலயும் நுழைக்கத்தானே என்றாள். நான் சொல்றதுக்கு வாயைத் திறந்தேன், அதையும் பிடுங்கிக்கிட்டே என்றாள். உன் பாகு கசக்கும் என்றாள், உன் பாட்டு கேட்கச் சகிக்காது என்றாள், இனிமேல் நீ ரத்தம் ஏற்ற வரவே வேண்டாம், அம்மா வரட்டும் என்றாள். நாலாம் வகுப்பில் அவளைப் பொம்மை என்று கூப்பிட்டவனைத் திட்டவேண்டிய திட்டுகூட அதில் கலந்து வந்தது. பன்னிரண்டு வருடத்துச் சரக்கு, எப்படி முடியும். ஆர்மான் நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, ஆற்றோரமாகச் சுற்றிப்போகும் பழைய சாலையில் வண்டியைத் திருப்பினான். அந்த வழியில் போனால் வீடு சேர நாற்பது நிமிடம் கூடுதலாகும்.

பாதி தூரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"முடிஞ்சுடுச்சுன்னு நினைக்காத. நாளைக்கும் திட்டுவேன்."

"சரி" என்றான் ஆர்மான். "நாளைக்கு வீட்லதான் இருப்பேன்."